ஜீனோவின் உருவமும் உள்ளமும்

ஏட்டில் கண்ட கதைமாந்தரைக் கண்ணெதிரே நிறுத்திப் பார்க்க விழைவது மனித இயல்பு. எழுத்தால் ஆன பாத்திரம் தகரமும் அட்டையுமாய் எழுந்து நிற்கும்போது பெறுவது எது, இழப்பது எது என்பதே ஈண்டு நம் ஆய்வு.

இவ்விழைவு தமிழுக்குப் புதிதன்று. கொங்குவேளிரின் பெருங்கதையில், உதயணனைச் சிறைப்பிடிக்கப் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்விக்கிறான். மெய் யானையின் தோற்றம் அமைந்தால் போதும். உள்ளே மறைந்திருந்தோர் வீரர்களே. மேலைநாட்டில், 1928-இல் இலண்டன் கண்காட்சியில் ‘எரிக்’ என்னும் இயந்திர மனிதன் எழுந்து நின்றான். அவன் மார்பில் ‘ஆர்.யு.ஆர்.’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அது கரேல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தின் பெயர். ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்கு ஈந்ததும் அந்நாடகமே. காணாமற்போன எரிக்கின் மறுவடிவம் 2016-இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திற்காக உருவாக்கப்பட்டது. இவ்விரண்டிலும் உருவமே முதன்மை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இதற்கு மாறானது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவலில், மக்களின் பெயர் இரண்டெழுத்தைத் தாண்டலாகாது. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். இவ்வாறு மனிதர் இயந்திரமாக்கப்பட்ட நாட்டில், ஜீனோ என்ற இயந்திர நாய் நூல்களைப் படிக்கிறது, வினவுகிறது, நகைக்கிறது. அதன் உடலைக் காட்டிலும் பேச்சே நம் நெஞ்சில் நிற்கிறது. சில இடங்களில் ஜீனோவின் வாய்வழி ஆசிரியரே பேசுகிறார் என்பது குறைதான். மனிதப் பாத்திரங்கள் அதன் முன் மங்குவதும் உண்மை. ஆயினும், படிப்பால் ஓர் உயிர் தன் ஏவற்பணியைக் கடந்து வளர்கிறது என்ற கருத்தை இத்துணை எளிமையாகச் சொன்ன தமிழ்ப் புனைவுகள் சிலவே.

சில ஆண்டுகளுக்கு முன், ஈப்போவுக்கு அருகில் எம் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு ஜீனோவை மெய்யளவில் செய்தோம். ‘எந்திரன்’ படத்துச் சிட்டிக்கு உரு அமைப்போர்க்கு நடிகரின் முகமே அளவுகோல். எமக்கோ அத்தகைய அளவுகோல் ஏதுமில்லை. மாணவர்கள் தம் வீட்டு நாய்களை அளந்து வந்தனர். பிஸ்கட் டின் தலையாயிற்று, அட்டைப்பெட்டி உடலாயிற்று, கண்களில் சிறு விளக்குகள் ஒளிர்ந்தன. பார்க்க வந்தோர், “நடக்குமா? குரைக்குமா?” என்றே கேட்டனர். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும், “ஐயா, ஜீனோ என்ன புத்தகம் படிக்கும்?” என்றாள். நான் நாணினேன். கதையை வாய்மொழியாகச் சொன்னோமேயன்றி, அந்நாவல் எம் பள்ளி நூலகத்தில் இல்லை. உருவத்தைச் செய்தோம், உள்ளத்தை விட்டுவிட்டோம்.

செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் கட்டாய உழைப்பு. இதன் பொருளை நமக்கு அகராதி விளக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணியின் சொல்லுக்கு அஞ்சிப் பால்மரம் சீவிய பேராக் தோட்டப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகளே எம் மாணவர்கள். அத்தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஏவியதைச் செய்வதே வாழ்வென்ற நிலையிலிருந்து அக்குடும்பங்களைக் கரையேற்றிய தோணிகளுள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் ஒன்று. ஜீனோவின் கதை, அவ்வகையில், நம் கதையே.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களே, மாதிரி உருவங்கள் செய்க; அதில் பிழையில்லை. பெருங்கதையின் யானையும் செய்க, ஜீனோவும் செய்க. ஆனால் உருவத்தின் அருகே அதனை ஈன்ற நூலையும் வைக்க. வைப்பதோடு அமையாது, மாணவரைப் படிக்கவும் செய்க. எம் ஜீனோ இன்று நூலகத்தின் வாயிலில் நிற்கிறது. அதன் கண்விளக்குகள் அணைந்து நாளாயிற்று. அருகிலுள்ள நாவலின் அட்டை கிழிந்து இருமுறை ஒட்டப்பட்டுள்ளது. எனக்கு நிறைவு தருவது அந்தக் கிழிசலே.