இரட்சிப்பும் இலக்கிய வடிவமும்: ஜோன் பன்யனும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையும்

I

தமிழிலக்கிய வரலாற்று நூல்களிலே கிறிஸ்தவ இலக்கியம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே இடம்பெற்று வந்துள்ளது. தேம்பாவணி, பெத்லகேம் குறவஞ்சி, இரட்சணிய யாத்திரிகம் என நூற்பெயர்கள் அடுக்கப்படும். ஆசிரியர் பிறந்த ஊரும் மதம் மாறிய ஆண்டும் தரப்படும். கிருஷ்ணபிள்ளைக்குக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்னும் பட்டம் சூட்டப்பட்டதும் ஆய்வு முற்றுப்பெற்றுவிடும். மறுபுறத்தில், முற்போக்கு விமர்சகர் சிலர் இந்நூல்களைத் திறந்து பார்க்கும் தேவையையே உணர்ந்திலர். மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மாக்ஸின் ஒரு தொடர் அவர்களுக்குப் போதுமானதாயிற்று. 1844ஆம் ஆண்டு வெளிவந்த அதே கட்டுரையில், மதத் துயரம் என்பது மெய்யான துயரத்தின் வெளிப்பாடும் அத்துயரத்துக்கெதிரான கண்டனமும் ஆகும் என மாக்ஸ் கூறியிருப்பதை அவர்கள் கருத்திற் கொள்வதில்லை.

முதற் சாராரின் பாராட்டும் இரண்டாஞ் சாராரின் புறக்கணிப்பும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும். மதக் கோட்பாடு ஒன்று எங்கும் என்றும் ஒரே பொருளைத் தருவது என்ற எடுகோள் இரண்டிலும் பொதுவாக உள்ளது. கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கோட்பாடாகிய இரட்சிப்பு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு கன்னானின் உரைநடையிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலியில் ஒரு வேளாளப் புலவரின் விருத்தப்பாக்களிலும் எவ்வெவ் வடிவங்களைப் பெற்றது, அவ்வடிவங்கள் அக்கோட்பாட்டின் சமூகப் பொருளை எங்ஙனம் மாற்றின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

II

புரட்டஸ்தாந்து மரபு போதிக்கும் இரட்சிப்புக் கோட்பாட்டினைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். மனிதர் அனைவரும் பாவிகள்; எவரும் தமது நற்செயலாலோ சடங்காலோ தம்மை மீட்டுக்கொள்ள இயலாது; கிறிஸ்து சிலுவையில் அடைந்த மரணம் அவர்களுக்கான பரிகாரம்; அதனை விசுவாசத்தால் ஏற்பவன் கிருபையினாலே இரட்சிக்கப்படுகிறான்; இவை அனைத்துக்கும் இறுதிப் பிரமாணம் வேதாகமமே. 1517இல் லூதர் தொடக்கிவைத்த சமயச் சீர்திருத்தத்தின் சாரம் இதுவே.

இக்கூற்றுக்கள் வெறும் மறுமை பற்றியன அல்ல என்பது மனங்கொளத்தக்கது. செயலால் இரட்சிப்பில்லை எனின், புண்ணியத்தை விற்கும் குருவுக்கு வேலை இல்லை. வேதாகமமே பிரமாணம் எனின், அதனை வாசிக்கத் தெரிந்த உழவனும் ஆயருடன் வாதிடலாம். இதனாலேயே வேதாகமத்தை மக்கள் மொழியிற் பெயர்ப்பது அரசியற் குற்றமாகக் கருதப்பட்டது. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிற் கொணர்ந்த வில்லியம் டிண்டேல் 1536இல் கொல்லப்பட்டார்.

ஜோன் பன்யன் (1628 - 1688) இம்மரபின் வழி வந்தவர். பாத்திரங்களைப் பழுது பார்க்கும் கன்னானின் மகன். தாமும் அத்தொழிலையே செய்தவர். உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையிற் பணியாற்றியவர். மன்னராட்சி மீண்ட 1660ஆம் ஆண்டில், அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகக் கைதாகி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தவர். அவரது 'பரதேசியின் மோட்சப் பயணம்' 1678இல் வெளிவந்தது.

கதை எளியது. கந்தலாடையோடும் முதுகிற் சுமையோடும் கையிற் புத்தகத்தோடும் ஒருவன் நிற்கிறான். தன் ஊர் அழியப்போகிறது என்பதை அப்புத்தகம் அவனுக்கு உணர்த்துகிறது. மனைவி மக்களை விட்டு ஓடுகிறான். சிலுவையைக் கண்டதும் சுமை தானாகவே கழன்று வீழ்கிறது. பின்னர் பல இடர்களைக் கடந்து விண்ணக நகரை அடைகிறான்.

இவ்வுருவகக் கதையில் வரும் தீயோர் யாவர் என்பதை நோக்கினால் அதன் வர்க்கச் சார்பு புலனாகும். வழிமறித்து உலகியல் அறிவு புகட்டுபவன் ஒரு கனவான். சுயலாபத்துக்காகச் சமயத்தை மாற்றிக்கொள்பவன் பிரபுக்களின் உறவினன். 'மாயச் சந்தை'யிலே வீடும் நிலமும் பட்டமும் பதவியும் நாடுகளுங்கூட விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்க மறுத்த இரு பயணிகளும் வணிகத்துக்கு ஊறு விளைவித்தோர் எனக் குற்றஞ்சாட்டப்படுகின்றனர். விசுவாசி என்பவனை எரிக்குமாறு தீர்ப்பளிக்கும் நீதிபதியும் ஒரு பிரபுவே. விரக்தி என்னும் இராட்சதன் பயணிகளைச் சிறைப்பிடிப்பதற்குக் கூறும் காரணம், அவர்கள் தன் நிலத்தில் அத்துமீறிப் புகுந்தனர் என்பதாகும். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு வந்த நாட்டிலே இது எவருக்கும் விளங்கும் குற்றச்சாட்டு. அவனது கோட்டையிலிருந்து அவர்களை விடுவிக்கும் திறவுகோலோ, பயணியின் மார்பிலேயே இதுவரை இருந்த 'வாக்குத்தத்தம்'. அதாவது, அவன் வாசித்த வேதத்தின் வாக்கு.

பன்யன் புரட்சியின் தோல்விக்குப் பின் எழுதியவர் என்பதை மறத்தலாகாது. சமூகத்தை மாற்ற இயலாது போனமையால், தனிமனிதன் சமூகத்தைவிட்டுத் தப்பி ஓடுவதாகக் கதை அமைகிறது. மனைவி மக்களைக் கைவிட்டுச் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடும் பயணியின் படிமம், வளர்ந்து வந்த முதலாளித்துவ சமுதாயத்தின் தனிமனிதவாதத்தையும் தன்னுள்ளே கொண்டுள்ளது. இதன் போதாமையை ஆசிரியரே உணர்ந்தார் போலும். 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் மனைவியும் பிள்ளைகளும் அயலாளும், ஊன்றுகோலுடன் நடப்பவனும் மனவலிமை குன்றியவனும் ஒரு கூட்டமாகவே பயணஞ் செய்கின்றனர். இங்கிலாந்தின் தொழிலாளர் இயக்கத்துக்கு ஆதாரமாயிருந்த நூல்களுள் ஒன்றாக இதனை ஈ. பி. தொம்சன் 1963இல் எடுத்துக்காட்டியதும், கிறிஸ்தோபர் ஹில் 1988இல் பன்யனைப் பற்றித் தனிநூலே எழுதியதும் தற்செயலானவையல்ல.

III

இந்நூலின் முதற்பாகக் கதையை அடிப்படையாகக் கொண்டு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827 - 1900) இயற்றியதே இரட்சணிய யாத்திரிகம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களையும் ஐந்து பருவங்களையும் கொண்ட இக்காப்பியம் 1894இல் நூலுருப் பெற்றது. ஆதிக் கிறிஸ்தவத்தை ஒடுக்கப்பட்டோர் இயக்கமாக விளக்கிய ஏங்கல்ஸின் கட்டுரை வெளிவரத் தொடங்கியதும் அதே ஆண்டிலாகும்.

கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்திற் பிறந்தவர். கம்பராமாயணத்திலும் வைணவப் பிரபந்தங்களிலும் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரம் மிஷன் கல்விநிலையத்தில் தமிழாசிரியரானார். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் வாழ்ந்த சூழலில் இரட்சிப்பு என்ற சொல்லுக்குப் பிறிதொரு சமூகப் பொருளும் இருந்தது. திருநெல்வேலித் திருச்சபைகளைப் பெருகச் செய்தோர் பெரும்பாலும், அன்று சாணார் என அழைக்கப்பட்ட நாடார் மக்களும் அவர்களினும் தாழ்த்தப்பட்டோருமாவர். அண்டையிலுள்ள தென் திருவிதாங்கூரில் அச்சமூகப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டத்தில் கிறிஸ்தவர்கள் முன்னின்றனர். 1859இல் அரச பிரகடனம் ஒன்று அவ்வுரிமையை ஏற்றது. 1876 - 1878 காலப் பெரும்பஞ்சத்தின்போது பல்லாயிரவர் திருநெல்வேலித் திருச்சபைகளை நாடி வந்தனர். இம்மக்களுக்கு ஆன்மாவின் விடுதலையும், ஊரின் கொடுமையினின்றும் பசியினின்றும் பெறும் விடுதலையும் இருவேறு விடயங்களாகத் தோன்றியிருக்க முடியாது. அவர்களைச் 'சோற்றுக் கிறிஸ்தவர்' என இகழ்ந்தோர், பசியில்லாதவர்களாய் இருந்தனர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

இவ்விடத்திலே சொற்களை நோக்குதல் பயனுடைத்து. கிறிஸ்தவக் கருத்தினைக் குறிக்கத் தமிழில் 'மீட்பு', 'இரட்சிப்பு' என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. அடகு வைத்த நகையை மீட்கிறோம். பறிபோன காணியை மீட்கிறோம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இக்கருத்துக்கு ஆளப்படும் சொற்களுள் ஒன்றும் அடிமையைப் பணயம் கொடுத்து விடுவிப்பதையே குறிப்பது. 'இரட்சிப்பு' என்பதோ காத்தல் எனப் பொருள்படும். குடிகளை மன்னன் காப்பதும் அடியாரை இறைவன் காப்பதும் அதனுள் அடங்கும். முன்னது ஓர் உறவை முறிக்கிறது. பின்னது ஓர் உறவை உறுதிப்படுத்துகிறது. புரட்டஸ்தாந்து வழக்கில் நிலைபெற்றிருந்த இரண்டாஞ் சொல்லையே கிருஷ்ணபிள்ளை தம் நூற்பெயர்களில் விரும்பி ஆண்டார். அச்சொல்லுக்கு அவரிடத்தே ஓர் ஆழமான பண்பாட்டு அடித்தளமும் இருந்தது. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல, உயிரின் முயற்சியை எதிர்பாராது இறைவன் காப்பான் என்பது தென்கலை வைணவரின் சரணாகதிக் கொள்கை. செயலாலன்றிக் கிருபையாலேயே இரட்சிப்பு என்னும் லூதரின் கொள்கை இம்மண்ணிலே அந்நியமாகத் தோன்றவில்லை.

IV

கருத்துநிலையில் நிகழ்ந்த இம்மாற்றம் இலக்கிய வடிவத்திலேயே தெளிவாகப் புலப்படுகின்றது.

தண்டியலங்காரம் கூறும் பெருங்காப்பிய இலக்கணம் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுவது. மலை, கடல், நாடு, நகர் வருணனைகளை வேண்டுவது. பன்யனின் தலைவனோ தன்னிகர் பலருடையவன். சந்தையில் நம் தோளை உரசிச் செல்லும் எவனும் அவனாகலாம் என்பதிலேயே அக்கதையின் வலிமை தங்கியுள்ளது. கந்தலாடைக்காரன் ஒருவனைக் கம்பனின் யாப்பிலே காப்பியத் தலைவனாக்குவது எங்ஙனம்? கிருஷ்ணபிள்ளை எதிர்கொண்ட உண்மையான படைப்புச் சிக்கல் இதுவாகும்.

அதற்கு அவர் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. பன்யனிடத்தில் சிலுவைக் காட்சி ஒரு சில வரிகளில் முடிந்துவிடும். சுமை வீழ்வதே அங்கு முக்கியம். கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்திலே இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். காப்பியம் வேண்டிய தன்னிகரில்லாத் தலைவன் கிடைத்துவிடுகிறான். ஆனால் பயணியோ தன் கதையிலேயே இரண்டாம் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறான். இடையிடையே அமையும் தேவாரப் பதிகங்கள் இந்நகர்வை முழுமையாக்குகின்றன. நடந்து செல்பவன் நின்று பாடும் அடியாராகிவிடுகிறான்.

இக்காப்பியத்தின் மிகச் சிறந்த பகுதிகள் இங்கேதான் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. குற்றமற்ற ஒருவர் அதிகாரத்தின் முன் கட்டுண்டு மௌனமாய் நிற்கும் காட்சி, கம்பனிடம் பயின்ற ஓசையாலும் ஆழ்வாரிடம் பயின்ற உருக்கத்தாலும் தமிழுக்கு ஒரு புதிய அவலச் சுவையை நல்கியது. இதனை வெறும் பிரசாரம் என ஒதுக்குபவர் இலக்கிய உணர்வற்றவராவர். ஆயினும் அவ்வுருக்கம் எத்தகையது என்பதை விமர்சகன் கேட்டேயாக வேண்டும். பன்யனின் நீதிமன்றக் காட்சியை வாசிப்பவனுக்கு நீதிபதிமீது சினமும் ஏளனமும் பிறக்கின்றன. அத்தகைய நீதிமன்றத்தில் நின்றவர் எழுதியது அது. கிருஷ்ணபிள்ளையின் நீதிமன்றக் காட்சியை வாசிப்பவன் கண்ணீர் உகுக்கிறான். சினம் கேள்வி எழுப்புவது, கண்ணீர் பணிவது. பேரரசு ஒன்றின் கீழ் எழுதப்பட்ட நூலில், உரோமப் பேரரசின் ஆளுநன் முன் நிற்கும் மனிதனின் காட்சி எத்துணை அரசியல் விளைவுகளைக் கொண்டிருக்கலாம்! பக்தி மரபு அக்காட்சிக்கு ஆழத்தை அளித்தது; அதே மரபு அதன் கூர்மையையும் தணித்தது.

இதனினும் முக்கியமான கேள்வி, இதனை எவர் வாசித்தனர் என்பதாகும். வேதத்தை வாசித்தலே இரட்சிப்பின் வாயில் எனக் கூறும் கதை, பதம் பிரித்துப் பொருள் கூறும் புலவர் இன்றிச் சாதாரண சபையார் அணுகவியலாத நடையில் அமைந்தது. கையிற் புத்தகத்துடன் ஓடியவனின் கதையை, அப்புத்தகத்தை அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பனையேறியின் மகன் வாசிக்க இயலாது போனமை ஒரு வரலாற்று முரணாகும். அவன் கைக்கு எட்டியது 'மோட்சப் பிரயாணம்' என்ற உரைநடை மொழிபெயர்ப்பே. உயர்சாதிக் கற்றோர் முன் கிறிஸ்தவத்துக்குப் புலமை மதிப்பைத் தேடித்தர வேண்டிய நிலையில் கிருஷ்ணபிள்ளை இருந்தார். அம்மதிப்பை வழங்கும் நாணயம் விருத்தப்பாவாகவே இருந்தது. இது தனிமனிதரின் குறையன்று. நிலவுடைமைச் சமுதாயம் இலக்கியத்துக்கு இட்ட எல்லை.

V

இவ்வெல்லையை யாழ்ப்பாணத்து நிகழ்வுடன் ஒப்பிடுகையில் உண்மை மேலும் துலங்கும். 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவர் ஆறுமுகநாவலர். பாதிரிமாரின் இரட்சிப்புக் கோட்பாட்டை அவர் முற்றாக நிராகரித்தார். ஆயின் அவர்களின் அச்சுக்கூடம், பாடசாலை, பிரசங்கம், உரைநடை ஆகிய அனைத்தையும் கைக்கொண்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். ஆக, சைவர் காப்பியத்தை உரைநடையாக்கினார். கிறிஸ்தவர் உரைநடைக் கதையைக் காப்பியமாக்கினார். ஒருவர் கோட்பாட்டை விடுத்து வடிவத்தை ஏற்றார். மற்றவர் வடிவத்தை விடுத்துக் கோட்பாட்டை ஏற்றார். சாதியாசாரத்தைப் பேணுவதில் உறுதியாயிருந்த நாவலரின் வசனம் தமிழை வாசிப்போர் தொகையைப் பெருக்கியது. அனைவரும் சமம் என்னும் கோட்பாட்டைப் பாடியவரின் செய்யுள் கற்றோர் வட்டத்துள் நின்றது. கருத்தின் முற்போக்கும் வடிவத்தின் முற்போக்கும் எப்போதும் கைகோத்துச் செல்வதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழிற் காண்டல் அரிது.

இரட்சிப்பு என்ற கோட்பாட்டின் வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. 1971இல் குஸ்தாவோ குத்தியேரஸ் இலத்தீன் அமெரிக்காவில் விடுதலை இறையியலை நூலாக முன்வைத்தபோதும், இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் திருச்சபையின் இரட்சிப்புப் போதனையை வினாவியமைக்காக 1997இல் விலக்கப்பட்டு 1998இல் மீண்டும் ஏற்கப்பட்டபோதும், எழுந்த வினா பழைய வினாவே: விடுதலை பெறுவது எவர்? எதனின்றும்?

கிறிஸ்தவத் தமிழிலக்கிய ஆய்வு இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. இந்நூல்களைப் போற்றிப் பேழையில் வைப்பதும், வாசியாது ஒதுக்குவதும் அவற்றைப் படைத்த மக்களின் துயரத்தையும் வேட்கையையும் ஒருசேரப் புறக்கணிப்பதாகும். கோட்பாடு எவரது மொழியிற் பேசுகிறது, எவரது கையில் புத்தகம் இருக்கிறது, எவரது முதுகிற் சுமை இருக்கிறது என்பவற்றை வரலாற்று அடிப்படையில் வினாவுவதே மாக்சிய விமர்சகனின் கடமையாகும்.