அகற்றுவதற்கும் சிலை இல்லாதவர்கள்

சர்ச்சைக்குரிய சிலைகளைப் பற்றிய விவாதத்தில் எப்போதும் இரண்டு குரல்கள்தான் ஓங்கி ஒலிக்கின்றன. 'அடிமைச் சின்னத்தத் தூக்கிப் போடு' என்பது ஒன்று. 'சிலைய எடுத்துட்டா வரலாறு மாறிடுமா?' என்பது மற்றொன்று. போர்ட் கிள்ளானிலிருந்து யோசிக்கும்போது, இரண்டு குரல்களுமே அதிகாரத்தில் இருந்தவர்களை மட்டும்தான் பேசுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

1901இல் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹம். ஆங்கிலேய நிர்வாகி ஃபிராங்க் சுவெட்டன்ஹமின் பெயர் அது. 1972இல் பெயர் மாறியது. அவரது சிலையும் கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்துக்குப் போய்விட்டது. சென்னையிலும் இப்படித்தான் நடந்தது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய நீலின் சிலையை எதிர்த்து 1927இல் போராட்டம் நடந்தது. 1937இல் ராஜாஜி அரசு அதை மவுண்ட் ரோட்டிலிருந்து அருங்காட்சியகத்துக்கு மாற்றியது. உடைக்கவும் இல்லை, தெருவில் வைத்துக் கொண்டாடவும் இல்லை. இது நியாயமான வழிதான்.

ஆனால் காலியான இடத்தில் யார் வந்தார்கள்? துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, அதை மூடிவிடலாமா என்ற நிலை வந்தது. சதுப்பை நிரப்பி, வடிகால் வெட்டித்தான் காப்பாற்றினார்கள். அதற்காக மருத்துவர் மால்கம் வாட்சனை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் கள்ளுக்கடையை மூடு என்பதும் உண்டு. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு நினைவுக்கல்லை நான் பார்த்ததில்லை.

வைப்பதா எடுப்பதா என்ற கேள்வி, ஏற்கெனவே பீடம் கிடைத்தவர்களுக்கு மட்டுமே உரியது. நம்மாளுங்களுக்கு எடுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

பழைய பெயரைத் திரும்பச் சூட்டச் சொல்லவில்லை. ஆனால் அதை முற்றாக மறைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய எத்தனையோ பேர் வந்து இறங்கியது அந்தப் பெயர் கொண்ட கரையில்தான். துறைமுகத்தில் ஒரு பலகை போதும். பழைய பெயர், அது மாறிய ஆண்டு, வடிகால் வெட்டியவர்கள், 1941இல் இறந்த ஐவர் என எல்லாம் அதில் இருக்கட்டும். தமிழிலும் இருக்கட்டும்.