தட்டச்சை நிறுத்தாத ஹில்டி

ஹாவர்ட் ஹாக்ஸ் 1940இல் எடுத்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' பத்திரிகை உலகைக் கேலி செய்யும் காதல் படம். அதற்கு மூலமான 1928ஆம் ஆண்டு நாடகத்தில் நிருபர் ஹில்டி ஓர் ஆண். ஹாக்ஸ் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கி, ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கினார். படத்தின் உயர்வு முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. ஒரு காட்சியில் தூக்குக் கைதி ஒருவன் மேசைக்குள் ஒளிந்திருக்கிறான். ஹில்டியை மணக்கப்போகிறவர் பக்கத்தில் நின்று கெஞ்சுகிறார். ஹில்டியின் விரல்களோ தட்டச்சுப் பொறியை விடுவதாயில்லை. அவள் மனம் யாரிடம் என்பதற்கு வேறு வசனம் தேவையில்லை.

ஓர் உயிர் ஊசலாடும்போது சிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கைதிக்காகப் பரிந்து பேசிய மோலி ஜன்னலிலிருந்து குதிக்கும்போது சிரிப்பு அறுந்துபோகிறது. அவளை ஏளனம் செய்த நிருபர்களின் முகங்களைப் படம் நமக்குக் காட்டிவிடுகிறது. பத்திரிகையில் சேர்ந்து உழைக்கும் இப்படியொரு ஜோடி திரையில் மட்டுமே சாத்தியம் என்பதையும் கண்டிச்சீமை எனப்படும் இலங்கை மலையகத்தின் வாசகர் ஏற்கமாட்டார். புடவை வியாபாரியாக அங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிந்தவர் கோ. நடேசய்யர். அவருடைய 'தேசபக்தன்' பத்திரிகையில் துணைவி மீனாட்சியம்மையும் உழைத்தார். தொழிலாளர் துயரைப் பாட்டாகவும் எழுதினார். படத்திலோ, ஆசிரியர் வால்டருக்குக் கைதி ஒரு தலைப்புச் செய்தி. சிறைக்கம்பிக்கு இப்பால் அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, அந்தக் கைதியைப் பேசவைப்பவள் ஹில்டி. படபடவென்று ஓடும் அந்தப் படம் அங்கே மட்டும் நிதானமாக மூச்சுவிடுகிறது.