நிறுத்தும் தேதி இல்லாத மாத்திரை

1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டிலிருந்தும் புதுச்சேரி ஜிப்மருக்கு பஸ் ஏறிப் போய் அந்தச் சிகிச்சை பெறலாம். ஆனால் அறுவை நல்லபடியாக முடிந்தாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பலருக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பிப் படபடக்கின்றன. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அடங்குவதற்குள் ரத்தம் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம்.

இந்தத் தாளக்கோளாறைத் தடுக்க முதலில் தருவது மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பு மாத்திரை. விலை மலிவு, பலன் உறுதி. ஏற்கெனவே அதைச் சாப்பிடுகிறவர், அறுவைக்கு 'வெறும் வயிற்றில் வாங்க' என்று மருத்துவமனையில் சொன்னதும் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. திடீரென நிறுத்துவதே தாளத்தைக் குலைக்கும். இதை எடுத்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்காதது பெரிய குறை.

அடுத்தது அமியோடரோன் என்ற மருந்து. 2005இல் கனடாவில் 601 பேரிடம் நடந்த ஆய்வில், தாளக்கோளாறு 29.5 சதவீதத்திலிருந்து 16.1 ஆகக் குறைந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அதே ஆய்வில் மருத்துவமனை மரணமோ கடுமையான பிற சிக்கல்களோ குறையவில்லை. அறுவைக்கு ஆறு நாள் முன்பே தொடங்க வேண்டும் என்பதால், அவசரமாக வந்து சேருபவருக்கு அந்த முறை பொருந்தாது.

என் கவலை வீடு திரும்பிய பிறகு நடப்பதைப் பற்றியது. அமியோடரோன் உடலில் மாதக்கணக்கில் தங்கும். நீடித்துச் சாப்பிட்டால் தைராய்டையும் நுரையீரலையும் கல்லீரலையும் கெடுக்கலாம். வாதக் காய்ச்சலில் வால்வு பழுதாகிச் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர் ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிடுவார்; அமியோடரோன் அதன் வீரியத்தைக் கூட்டி ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடும். ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனைக்கு ஒரு நாள் கூலியை இழந்து போக வேண்டிய விவசாயக் கூலிக்கு இது சிறிய விஷயமில்லை.

மருந்தில்லாத வழியும் உண்டு. இதய உறையின் பின்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, தேங்கும் ரத்தத்தை வடியவிடுவது. 2021இல் வெளியான நியூயார்க் ஆய்வில் இதனால் தாளக்கோளாறு 32 சதவீதத்திலிருந்து 17 ஆகக் குறைந்தது. ஒரே மருத்துவமனையின் ஆய்வுதான், என்றாலும் நம் அறுவை மருத்துவர்கள் கவனிக்க வேண்டியது.

பீட்டா தடுப்பு மருந்து, நாடித்துடிப்பு குறைந்தவர்களையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் தவிர மற்றெல்லோருக்கும் வேண்டும். அமியோடரோனை முதியவர், வால்வு அறுவை செய்துகொள்பவர் என ஆபத்து கூடியவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். கொடுத்தால், டிஸ்சார்ஜ் சீட்டில் அதை நிறுத்த வேண்டிய தேதியைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.