பனிமூட்டத்துக்குள் ஒரு விமானம்

'தி கிளென் மில்லர் ஸ்டோரி' என்று 1954-ல் வந்த ஹாலிவுட் படம் எங்காவது கிடைத்தால் அவசியம் பாருங்கள். பார்த்துவிட்டு, கடைசி பத்து நிமிஷத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மில்லர் 1940-களில் அமெரிக்காவையே ஆட வைத்த இசைக்குழுத் தலைவர். 'மூன்லைட் செரினேட்', 'இன் த மூட்' எல்லாம் அவருடையவை. புகழின் உச்சியில், 1942-ல், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பர் 15 அன்று பாரிஸில் தன் குழுவின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்ய, இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு அருகிலிருந்து நார்ஸ்மன் என்ற ஒற்றை இன்ஜின் ராணுவப் போக்குவரத்து விமானத்தில் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. வயது 40.

ஆன்டனி மான் இயக்கிய படத்தில் விமானம் பனிமூட்டத்துக்குள் மறைகிறது. பிறகு கிறிஸ்துமஸ். மனைவிக்குப் பிடித்த 'லிட்டில் ப்ரவுன் ஜக்' பாட்டை அவர் ரகசியமாக அமைத்து வைத்திருக்க, அது ரேடியோவில் ஒலிக்கிறது. கர்ச்சீப் தேடுவோம். நிஜம் என்னவென்றால், அந்தப் பாட்டு 1939-லேயே ரெக்கார்டாக வந்து சக்கைப்போடு போட்டது!

சினிமாதானே, போகட்டுமே என்பீர்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிப்பில் மிகையே கிடையாது. (அவரே அந்தப் போரில் இங்கிலாந்திலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர்.) என் புகார் வேறு. இந்த முடிவு ஒரு வெட்டிச் சாவுக்கு அழகான அர்த்தம் தைத்துக் கொடுக்கிறது. நடந்ததில் அர்த்தம் எதுவும் இல்லை. அவர் காணாமல் போனதே மூன்று நாள் கழித்து, குழுவினர் பாரிஸில் வந்து இறங்கியபோதுதான் உறைத்தது. இடையில் 16-ம் தேதி ஆர்டென்ஸில் ஜெர்மானியர்களின் பெரும் தாக்குதல் ஆரம்பித்துவிட்டது. ஒரு சின்ன விமானத்தை யார் தேடுவார்கள்?

அர்த்தம் கிடைக்காத இடத்தில் வதந்தி முளைக்கும். திரும்பி வந்த லான்காஸ்டர் விமானங்கள் கடலில் உதிர்த்த குண்டு பட்டது என்றார்கள். பாரிஸில் வேறு மாதிரி செத்தார் என்றும் கதை கட்டினார்கள். 2017-ல் வெளிவந்த 'கிளென் மில்லர் டிகிளாசிஃபைட்' நூலில் டென்னிஸ் ஸ்ப்ராக் ஆவணங்களைப் புரட்டி வந்து சேர்ந்த இடம் ரொம்ப சாதாரணம்: மோசமான வானிலை, தாழ்வான மேகம், கார்புரேட்டரில் ஐஸ். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்கிறதே, அதே சமாச்சாரம். காற்றில் ஈரமிருந்தால் உள்ளே ஐஸ் படிந்து இன்ஜின் மூச்சுத் திணறும். தாழப் பறக்கிற ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு அப்புறம் சில விநாடிதான்.

இன்னொன்று. அதில் போனது மூன்று பேர். விமானி ஜான் மார்கன், லெப்டினன்ட் கர்னல் நார்மன் பெஸல். படம் முடிந்ததும் இவர்களில் யாராவது உங்கள் ஞாபகத்தில் நிற்கிறார்களா, பாருங்கள்.

கேம்பிரிட்ஜ் அருகே அமெரிக்க ராணுவக் கல்லறையில் காணாமல் போனவர்களுக்கான சுவர் ஒன்று இருக்கிறது. 5,000-க்கும் அதிகமான பெயர்கள். மில்லரின் பெயரும் உண்டு. கிளென் என்றுகூட இல்லை. 'மில்லர், ஆல்டன் ஜி.' அவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது, அகர வரிசை மட்டும். எனக்கு அந்தச் சுவர்தான் நல்ல க்ளைமாக்ஸாகப் படுகிறது.