புதிராக வந்த சொத்து

உழைத்துப் பெறுவது கூலி. வேண்டிப் பெறுவது உதவி. பிறந்ததனாலேயே பெறுவது உரிமை. இம்மூன்றிலும் அடங்காத ஒன்று ஒருவர் கைக்கு வந்து சேருமானால் அதை என்னவென்று அழைப்பது? யாரென்றே அறியாத ஒரு செல்வர் தம் சொத்தையெல்லாம் ஓர் ஏழைப் பெண்ணின் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு இறந்துபோனால், அது கொடையா, கடனா, அன்றி வலையா? அமெரிக்க நாவலாசிரியை ஜெனிஃபர் லின் பார்ன்ஸ் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்' என்னும் நாவல் எழுப்பும் வினா இதுவே. இளையோருக்கென எழுதப்பட்ட விறுவிறுப்பான கதை என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அந்த விறுவிறுப்பினடியில், பெரியவர்களும் நின்று நோக்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

கதைத்தலைவி ஏவரி கிராம்ஸ் பதினேழு வயது மாணவி. தாயை இழந்தவள், தந்தை இருந்தும் இல்லாதவள். தந்தைவழி அக்காள் லிபியே அவளுக்குத் துணை. உணவகத்தில் பணியாற்றுகிறாள், சில இரவுகளில் கார்தான் அவளுக்கு வீடு. டெக்சாஸைச் சேர்ந்த டோபியாஸ் ஹாதோர்ன் என்னும் பெருஞ்செல்வர் காலமாகி, ஏறத்தாழ 4,620 கோடி டாலர் பெறுமானமுள்ள சொத்தை அவளுக்கு விட்டுச் செல்கிறார். அவருக்கு இரு மகள்களும் நான்கு பேரன்களும் உண்டு. அவர்களுக்குக் கிட்டுவதோ அற்பத் தொகை. ஒரே ஒரு நிபந்தனை: ஓராண்டுக் காலம் ஏவரி ஹாதோர்ன் மாளிகையிலேயே வாழ வேண்டும். சொத்தைப் பறிகொடுத்தவர்களும் அதே கூரையின் கீழ்தான் வாழ்கிறார்கள்.

செல்வம் வருவதற்கு முன்னரே ஆசிரியை ஒரு சிறு நிகழ்ச்சியை வைக்கிறார். இயற்பியல் தேர்வில் ஏவரி முழு மதிப்பெண் பெறுகிறாள். பள்ளித் தலைமையாசிரியர் பாராட்டுவதற்குப் பதிலாக அவளை ஐயுறுகிறார். ஏழையின் கையில் நல்லது எது இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் உலகத்தின் வழக்கத்தை இந்தச் சிறு காட்சி தெளிவாகக் காட்டிவிடுகிறது. பின்னர் மாளிகையில் அவளைச் சூழ்ந்து எழும் கேள்விகளும் இதன் பெருக்கமே. அவள் முதியவரை ஏமாற்றினாளா? அவருடைய இரகசிய மகளா? மதிப்பெண்ணுக்கு நேர்ந்த ஐயமே சொத்துக்கும் நேர்கிறது. நாவலின் நேர்மையான பகுதி இதுவே என்பேன்.

மாளிகை இந்நூலில் ஒரு கதைமாந்தராகவே நடமாடுகிறது. மறைவழிகள், சுரங்கப்பாதைகள், புத்தகங்களுக்குப் பின்னே திறக்கும் கதவுகள் என அதன் உரிமையாளரின் மனத்தைப் போலவே அதுவும் அமைந்திருக்கிறது. இறந்தவர் எழுதி வைத்த கடிதங்களிலிருந்து புதிர்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. நான்கு பேரன்களின் நடுப்பெயர்களே துப்புகளாகின்றன: ஒன்று காட்டையும் ஒன்று ஓடையையும் சுட்டுகின்றன, ஒன்று எழுதுமேசையின் பெயர், மற்றொன்று துப்பாக்கியின் பெயர். பேரன்களுக்குப் பெயரிடும்போதே கிழவர் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாரோ என்று மலைக்கிறோம். ஏவரியின் முழுப்பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'மிகவும் துணிகரமான சூதாட்டம்' என்று பொருள்படும் தொடர் கிடைக்கிறது. அவள் பெயரே சூதாட்டமானால், அவள் வாரிசா, பகடைக்காயா?

ஆசிரியை உளவியலில் யேல் பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்றவர். அந்தக் கல்வி வெளிப்படுவது புதிர்களில் அன்று, பேரன்களின் படைப்பில்தான். சனிக்கிழமைக் காலைதோறும் தாத்தா அவர்களுக்கு ஒரு போட்டி வைப்பார். வெல்பவனுக்கு அவருடைய பாராட்டு; தோற்பவனுக்கு அடுத்த சனிக்கிழமை. இவ்வாறு வளர்ந்த நால்வரும் நான்கு விதமாகப் புண்பட்டிருக்கிறார்கள். மூத்தவன் நாஷ் செல்வத்தையே வேண்டாமென விலகி நிற்கிறான். கிரேசன் குடும்பத்தின் மானத்தைத் தனியனாகத் தோளில் சுமக்கிறான். ஜேம்சன் ஆபத்தைத் தேடி ஓடுகிறான். கடைக்குட்டி சாண்டர் சிரிப்பால் தன்னை மறைத்துக்கொள்கிறான். அன்பைப் பரிசாக அறிவித்துப் போட்டி நடத்தினால் பிள்ளைகள் அறிவாளிகளாகலாம், அமைதியுடையோர் ஆகமாட்டார்கள். தம் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கேற்ப முகம் மலர்ந்தும் சுருங்கியும் காட்டும் பெற்றோர் எவரும் டோபியாஸ் ஹாதோர்னை வேற்று நாட்டவர் என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு எதிரே ஆசிரியை மற்றொரு விளையாட்டையும் வைத்திருக்கிறார். ஏவரியும் அவள் தாயும் ஆடிய விளையாட்டு அது. என்னிடம் ஓர் இரகசியம் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதை ஊகிக்க வேண்டும். பரிசு இல்லை, தோல்வியும் இல்லை. வறுமையில் ஒரு தாய் தன் மகளுக்குத் தந்த மகிழ்ச்சி அது. செல்வரின் ஆட்டத்தில் அன்பு பந்தயப் பொருள். ஏழையின் ஆட்டத்தில் அன்பே ஆட்டக்களம். மாளிகையின் புதிர்களை ஏவரி துணிவோடு எதிர்கொள்வது அறிவினால் மட்டுமன்று. தோற்றாலும் நேசிக்கப்படுவோம் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்திருந்ததனாலும்தான். ஆசிரியை இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, கதை சொல்லிவிடுகிறது.

புதிர்களின் முடிவில் கிடைப்பது புதையல் அன்று, ஒரு தேதி: அக்டோபர் 18. அது ஏவரி பிறந்த நாள். ஜேம்சனும் கிரேசனும் நேசித்த எமிலி என்னும் பெண் ஓராண்டுக்கு முன் இறந்த நாளும் அதுவே. அவள் சாவுக்குத் தானே காரணம் என்று இருவரும் தனித்தனியே புழுங்கிக்கொண்டிருந்தவர்கள். ஒரே வீட்டில் வாழ்ந்தும் பேசிக்கொள்ளாத துயரத்தை இறந்துபோன கிழவரின் விளையாட்டு பேச வைக்கிறது. இதைக் கருணை என்பதா? உயிரோடிருந்தபோது பேரன்களை அருகழைத்து ஒரு சொல் கேட்டிருக்கலாமே! நேரில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் மறைத்து, கடிதத்தைப் புதிரில் மறைத்து, புதிரை மாளிகையில் மறைத்துச் சென்றவரின் கோழைத்தனமும் இதில் இருக்கிறது. ஏவரிக்கு அவர் விட்டுச்சென்ற கடிதத்திலும் விளக்கம் இல்லை; மன்னிப்புக் கேட்கும் ஒரு வரி மட்டுமே. அந்த ஒரு வரியே நூலின் மிகக் கனத்த புதிர்.

இவ்வகைக் கதைக்கு முன்னோடி, எல்லன் ராஸ்கின் 1978-இல் எழுதிய 'தி வெஸ்டிங் கேம்'. சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 1979-இல் பெற்ற நூல் அது. அங்கும் செல்வர் ஒருவரின் உயில் உண்டு; 20 கோடி டாலர் சொத்து உண்டு; ஆனால் வாரிசுகள் பதினாறு பேர். அவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வோர் இணைக்கும் பத்தாயிரம் டாலரும் சில சொற்களும் தரப்படுகின்றன. நீதிபதிக்குக் காவலாளி இணை. சக்கர நாற்காலியில் வாழும் சிறுவனுக்குப் பயிற்சி மருத்துவர் இணை. டர்ட்டில் என்னும் சுட்டிப்பெண்ணுக்குத் தையற்காரப் பெண்மணி இணை. அண்டை வீட்டாராயிருந்தும் அந்நியராய் வாழ்ந்தவர்கள் இப்போட்டியால் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். இறுதியில் விடையைக் கண்டறிந்த டர்ட்டில், தான் வென்றதை எவரிடமும் சொல்வதில்லை. வெற்றியை மறைத்துக்கொள்ளும் அந்த அடக்கம் பார்ன்ஸின் நூலில் இல்லை. ராஸ்கினின் புதிர் பதினாறு பேரை வெளியே இழுத்து உறவாக்கிற்று. பார்ன்ஸின் புதிர் ஒரு குடும்பத்தின் உட்புறத்திலேயே சுழல்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ராஸ்கின் துப்புகளை வாசகர் கண்முன்னே பரப்பி வைப்பார். கூர்ந்து படித்தால் நாமும் விடுவிக்கலாம். பார்ன்ஸின் புதிர்களை நாம் வேடிக்கை பார்க்கலாமேயன்றி விடுவிக்க இயலாது. ஒவ்வொரு குறுகிய அத்தியாயமும் திடுக்கிடலில் முடிவதால் சிந்திக்க வேண்டிய இடத்திலும் பக்கம் புரட்டவே தூண்டப்படுகிறோம். சகோதரர் இருவருக்கிடையே ஊசலாடும் காதல், புத்தாடைகள், தனி விமானம், மெய்க்காவலர் என்று செல்வத்தின் பளபளப்பு நிறைந்துவிடுகிறது. செல்வம் மனிதரைச் சிதைக்கிறது என்று கதை சொல்ல, செல்வம் எத்தனை இனியது என்று வருணனை சொல்கிறது. நூலின் இரு நாக்குகளில் எதை இளம் வாசகர் நம்புவார்?

இக்கேள்விக்கு ஆசிரியை பின்னர் ஒரு விடை தர முயல்கிறார். 2021-இல் 'தி ஹாதோர்ன் லெகசி', 2022-இல் 'தி ஃபைனல் காம்பிட்' எனக் கதை வளர்ந்தது. அதன் முடிவில் ஏவரி, தான் பெற்றதில் பெரும்பகுதியைத் தன் தாயின் பெயரோடு இணைந்த அறக்கட்டளை வழியாக வழங்கிவிட முடிவு செய்கிறாள். அவள் அறக்கட்டளைக்குச் சூட்டுவது செல்வரின் பெயரை அன்று, தாயின் பெயரை என்பதைக் கவனிக்க வேண்டும். கோடிக்கணக்கான டாலர்கள் கைக்கு வந்த பின்னும், தான் உண்மையில் எவரிடமிருந்து சொத்துப் பெற்றோம் என்பதை அவள் மறக்கவில்லை.

உயில் எழுதுவோர் நிலத்தையும் பணத்தையும் கணக்கிட்டுப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளோ உயிலில் எழுதப்படாதவற்றையே பெரிதும் பெற்றுக்கொள்கிறார்கள்: ஒருவர் விட்டுச்சென்ற அச்சத்தை, மற்றொருவர் விட்டுச்சென்ற சிரிப்பை. ஹாதோர்ன் பேரன்கள் இழந்த சொத்து சிறிதன்று. ஆனால் அவர்கள் ஏற்கெனவே பெற்றுவிட்ட சொத்தே அவர்களை வருத்துகிறது. இளையோர் இந்நூலை விரும்பிப் படிப்பார்கள், படிக்கட்டும். அவர்களுக்குப் பின் பெரியவர்களும் ஒருமுறை எடுத்துப் படித்து, தாம் விட்டுச்செல்லப் போவது எது என்று தமக்குள் கேட்டுக்கொள்வார்களானால், இந்தப் புதிருக்கு அதுவே தக்க விடையாகும்.