கிரேவ்லியின் கிளிஞ்சல் பட்டியலும் இன்றைய கைபேசிப் படங்களும்

சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் உயிர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண விரும்புவோர் அறிய வேண்டிய நூல்களில் ஒன்று எஃப். எச். கிரேவ்லியின் பட்டியல். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர் எழுதிய இந்நூல், அருங்காட்சியக வெளியீடாக 1941, 1942 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. 'சென்னைக் கடற்கரையில் காணப்படும் கிளிஞ்சல்களும் பிற விலங்கு எச்சங்களும்' என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள்.

நூலின் பலமும் எல்லையும்

கரையில் நடப்பவர் கையில் எது கிடைக்கிறதோ அதிலிருந்தே தொடங்குவது இந்நூலின் பலம். ஓடு எளிதில் கெடாது. பல ஆண்டுகள் கழித்தும் அதை எடுத்து ஒப்பிட்டு, முதலில் சொன்ன பெயர் சரிதானா என்று பார்க்கலாம்.

எல்லையும் அங்கேயே இருக்கிறது. ஓடில்லாக் கடல் நத்தைகள் எச்சம் விட்டுச் செல்வதில்லை. சாராயத்தில் இட்டு வைத்தாலும் அவற்றின் நிறம் மங்கிவிடும். ஆகவே இவற்றுக்குப் படமே சான்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வால்டேரில் வால்டர் எலியட் சேகரித்த கடல் நத்தைகளை ஆல்டர், ஹான்காக் இருவரும் 1864இல் இங்கிலாந்திலிருந்து விவரித்தபோது, இங்கு வரையப்பட்ட ஓவியங்கள் அவர்களுக்குப் பெருந்துணையாயின.

இன்றைய படங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகர் கடற்கரையில் 'நீல டிராகன்' எனப்படும் கடல் நத்தைகள் ஒதுங்கின. இது கிளாக்கஸ் என்னும் பேரினம். அழகான படம் எடுத்தால் மட்டும் இதன் இனத்தைச் சொல்லிவிட முடியாது. கிளாக்கஸ் அட்லாண்டிகஸுக்கு விரல் போன்ற நீட்சிகள் ஒரே வரிசையில் அமைந்திருக்கும். கிளாக்கஸ் மார்ஜினேட்டஸுக்குப் பல வரிசைகளில் இருக்கும். ஈர மணலில் கிடக்கும்போது நீட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரிசை தெரியாது. மேலும் இது தலைகீழாக மிதக்கும் உயிர். நாம் பார்க்கும் நீலப்பக்கம் அதன் வயிறு.

எனவே கடல்நீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டியால் எடுத்து வைத்து, இரு பக்கங்களையும் அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். கையால் தொடக்கூடாது. தான் உண்ணும் ஃபைசேலியாவின் கொட்டும் செல்களை இது தன் உடலில் சேர்த்து வைத்திருக்கும்.

பெயரால் வரும் பிழை

'ஸீ ஸ்லக்' என்ற ஆங்கிலப் பெயரைக் 'கடல் அட்டை' என்று மொழிபெயர்க்கக்கூடாது. தமிழில் கடல் அட்டை என்பது நட்சத்திர மீனின் உறவான, முற்றிலும் வேறு உயிர். ராமநாதபுரம் கடலோரத்தில் பிடிக்கப்பட்டு வந்த அது, 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. தவறான பெயரிட்ட ஒரு படம், படிப்பவரைச் சட்டத்திலும் குழப்பும். 'ஓடில்லாக் கடல் நத்தை' என்பதே பொருத்தமான பெயர்.

மதிப்பீடு

கிரேவ்லியின் பட்டியலில் இடம்பெறும் பெயரை, கரையில் கிடைக்கும் ஓட்டோடு ஒப்பிட்டு எவரும் சோதிக்கலாம். அதே சோதனைக்கு நம் படங்களும் இடம் தர வேண்டும். இடம், நாள், அளவு, இரு பக்கத் தோற்றம் ஆகிய நான்கும் இல்லாத படம் பார்வைக்கு விருந்து, ஆனால் பதிவாகாது. இந்த நான்கையும் குறிப்பதற்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. பள்ளி மாணவரின் கைபேசியும் ஓர் அளவுகோலும் போதும்.